சூட்டில் கை வைக்காதீர்கள்: பேட்டில்டெக் விதிகளை நம் வசதிக்கு மாற்றும்போது

1984-ல் அமெரிக்காவின் எஃப்.ஏ.எஸ்.ஏ. நிறுவனம் ‘பேட்டில்டிராய்ட்ஸ்’ என்ற மேசைப் போர் விளையாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அது ‘பேட்டில்டெக்’ என்று பெயர் மாறியது. நாற்பது ஆண்டுகளாகியும் அதன் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 20 டன் முதல் 100 டன் வரை எடையுள்ள, ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் நடக்கும் இயந்திரங்கள்தான் இதன் நாயகர்கள். ஆடுபவர்கள் இவற்றை ‘மெக்’ என்பார்கள். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், ஒரு சுற்று 10 வினாடி. அடிக்க வேண்டுமா, இரண்டு பகடை உருட்ட வேண்டும்.

விளையாட்டு அருமையானதுதான், ஆனால் மெதுவாக நகரும். பக்கத்துக்கு நான்கு மெக் வைத்து ஆடினால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். அதனால் பல குழுக்கள் எதையாவது வெட்டிச் சுருக்கப் பார்க்கின்றன. எதை வெட்டுவது என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு மெக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, ஏதோ ஒரு தந்திரத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது எதுவென்று தெரியாமல் விதியை எடுத்தால் ஆட்டமே சாய்ந்துவிடும்.

பெரும்பாலோர் முதலில் கை வைப்பது சூட்டுக் கணக்கில். நடந்தால் 1, ஓடினால் 2, சுட்டால் ஆயுதத்துக்கு ஏற்றபடி சூடு ஏறும். குளிரூட்டியான ஹீட் சிங்க் ஒவ்வொன்றும் சுற்றுக்கு 1 இறக்கும். மீதம் சேர்ந்துகொண்டே போனால் நடை தளரும், குறி தவறும், கடைசியில் மெக் தானாக அணைந்து நின்றுவிடும்.

‘ஆசம்’ என்ற 80 டன் மெக்கைப் பாருங்கள். அதில் பி.பி.சி. எனப்படும் துகள் பீரங்கி மூன்று, 28 ஹீட் சிங்க். ஒரு பி.பி.சி. சுட்டால் 10 சேதம், 10 சூடு. நடந்துகொண்டே மூன்றையும் சுட்டால் ஏறுவது 31, இறங்குவது 28, மிச்சம் 3. அடுத்த சுற்றிலும் அதையே செய்தால் மிச்சம் 6. சூடு 5-ஐ எட்டியதும் நடையில் ஒரு புள்ளி குறையும். மூன்றாவது சுற்றில் இரண்டை மட்டும் சுட்டால் 21தான் ஏறும், அளவி சுழிக்கு வந்துவிடும். மூன்று, மூன்று, இரண்டு என்ற இந்தத் தாளத்துக்காகவே அந்த மெக் வடிவமைக்கப்பட்டது போலிருக்கும்.

அதற்கு நேர் எதிர் ‘ரைஃபிள்மேன்’. 60 டன், இரண்டு பெரிய லேசர், இரண்டு நடுத்தர லேசர், இரண்டு ஆட்டோகேனன். ஹீட் சிங்க்கோ பத்தே பத்து. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சுட்டால் 24 ஏறும். அசையாமல் நின்று சுட்டாலும் 14 மிஞ்சும். அந்த அளவில் குறிக்கு +2 அபராதம், போதாததற்கு மெக் அணைந்துவிடாமல் இருக்கப் பகடை வேறு உருட்ட வேண்டும். சூட்டு விதியை எடுத்துவிட்டால் இந்த ரைஃபிள்மேன் ராஜாவாகிவிடும். எஞ்சினோடு எடையில்லாமல் கிடைக்கும் பத்து சிங்க் போக, 18 டன்னைக் குளிரூட்டுவதற்கே செலவழித்த ஆசம் வெறும் சுமை தூக்கியாக நிற்கும். நேரம் மிச்சப்பட வேண்டுமானால் மெக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பக்கத்துக்கு இரண்டு வைத்து, சூட்டோடு ஆடுங்கள். புதிதாக வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து வெட்டுப்படுவது நகர்வுக்கான கூட்டல். சாதாரணத் துப்பாக்கி வீரரின் அடிப்படை எண் 4. சுடுபவர் நடந்திருந்தால் +1, நடுத்தரத் தூரத்துக்கு +2. ஆக 7. இலக்கு நின்ற இடத்திலேயே நின்றால் 7 அல்லது அதற்கு மேல் விழ 58 சதவீத வாய்ப்பு. அதே இலக்கு 20 டன் ‘லோகஸ்ட்’ ஆக இருந்து எட்டுக் கட்டம் ஓடியிருந்தால் +3 சேரும். இப்போது 10 வேண்டும், வாய்ப்பு ஆறில் ஒன்று. மெல்லிய காட்டுக்குள் போய் நின்றிருந்தால் 11 வேண்டும், பன்னிரண்டில் ஒன்று. சின்ன மெக்குக்கு இந்த ஓட்டம்தான் கவசம். ‘கூட்டிக் கழிக்க முடியவில்லை, எல்லாருக்கும் ஒரே எண்’ என்று வைத்தால் முதல் சுற்றிலிருந்தே லோகஸ்டைச் சுட்டுத் தள்ளிவிடலாம். பிறகு எல்லோரும் கனமான மெக்கைத்தான் எடுப்பார்கள். மெக் நகர்ந்ததுமே அதன் கூட்டல் எண்ணைக் காட்டும் சிறு பகடை ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். சுடும் நேரத்தில் யாரும் கட்டம் எண்ண வேண்டியதில்லை.

உதையையும் குத்தையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. சுடுவது முடிந்த பிறகு வரும் தனிக் கட்டம் என்பதால் அது கூடுதல் வேலையாகத் தெரிகிறது. ஆனால் உதையின் சேதம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 100 டன் ‘அட்லஸ்’ உதைத்தால் 20. லோகஸ்டின் காலில் கவசம் 8, உள்ளெலும்பு 4. ஒரே உதையில் கால் போய்விடும். அந்தப் பயம் இருப்பதால்தான் சின்ன மெக் பெரிய மெக்கோடு ஒட்டி நிற்பதில்லை. உதைத்தவருக்கும் ஆபத்து உண்டு, குறி தவறினால் விழாமல் இருக்க அவரே பகடை உருட்ட வேண்டும். இது நாடகத்தன்மை மிகுந்த கட்டம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

மெக் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் விட்டுவிட முடியாது. அட்லஸின் நடு உடலில் முன்பக்கக் கவசம் 47, பின்பக்கம் 14. எனவே யார் முதுகுப் பக்கம் போகிறார்கள் என்பதே பாதி ஆட்டம். முதலுரிமைப் பகடையில் தோற்றவர் முதலில் நகர வேண்டும், ஜெயித்தவர் பார்த்துவிட்டு நகர்வார். கட்டமில்லாத திறந்த மேசையில், ஒரு கட்டத்துக்கு இரண்டு அங்குலம் என்று வைத்து ஆடும்போது முன் எது பின் எது என்ற சண்டை நிச்சயம் வரும். பொம்மைகளை அறுகோண அடித்தட்டில் ஒட்டி, முன்பக்க விளிம்பில் வண்ணம் தீட்டிவிடுங்கள்.

கூசாமல் மாற்றக்கூடியவையும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு நிறத்தில் பகடை ஜோடி ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே கையில் உருட்டினால் ஆட்டம் கண்கூடாக வேகம் பிடிக்கும். பலத்த அடி வாங்கிய மெக் களத்தை விட்டுப் பின்வாங்க வேண்டும் என்ற கட்டாயப் பின்வாங்கல் விதி ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. உதாரணமாக, பக்கவாட்டு உடல் ஒன்று முழுதாகப் போனால் அது கிளம்ப வேண்டும். நொண்டிக்கொண்டு நிற்கும் மெக்கைத் துரத்தித் துரத்தி அடிக்கும் கடைசி ஒரு மணி நேரம் இதனால் மிச்சமாகும். பன்னிரண்டு மெக் வைத்துப் பெரிய போர் நடத்தும் ஆசை இருந்தால், அதற்கென்றே எழுதப்பட்ட ‘ஆல்ஃபா ஸ்ட்ரைக்’ இருக்கிறது. அதில் ஒரு மெக்குக்கு ஒரே அட்டை, சூடும் சுருங்கிய வடிவில் உண்டு.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் நான்கு கனத்த மெக், மறுபக்கம் எட்டு இலகு மெக் என்று எடையைச் சமன் செய்து ஆடுவார்கள். நகர்வை ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால், நான்கு முறையோடு கனத்த பக்கம் முடிந்துவிடும். மீதி நான்கு இலகு மெக்குகளும் எதிர்ப்பே இல்லாமல் எல்லார் முதுகுக்கும் பின்னால் போய் நின்றுகொள்ளும். புத்தகம் சொல்வது வேறு: எண்ணிக்கை கூடிய பக்கம் அந்த விகிதத்தில் நகர வேண்டும். எட்டுக்கு நான்கு என்றால், ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாக.