மறுக்கத் தெரிந்த நாயகிகள் – 7: பத்துப் பவுனும் ஒரு கடிதமும்

ஓடுகிற வண்டியை நிறுத்தும்படி காதரின் மார்லண்டு மன்றாடியதும், ஜான் தார்ப் சிரித்துக்கொண்டே குதிரையை விரட்டியதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில் அதற்கு மேல் நடப்பதைப் பார்ப்போம்.

கிளிப்டனுக்கு உல்லாசப் பிரயாணம் போகலாமென்று தார்ப்பும் அவன் தங்கை இஸபெல்லாவும் வற்புறுத்த, டில்னி குடும்பத்தாரோடு உலாவப் போவதாக முன்னமே வாக்களித்திருக்கும் காதரின் மறுக்கிறாள். தோழி இஸபெல்லா கண்ணீர் வடிக்கிறாள், உடன்பிறந்த அண்ணனே கடிந்துகொள்கிறான், தார்ப்போ அவளைக் கேளாமலே மிஸ் டில்னியிடம் சென்று அவள் பெயரால் ஒரு பொய்யைச் சொல்லி உலாவை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்புகிறான். அந்த க்ஷணத்தில், அதுவரை எவர் மனத்தையும் நோகடிக்கத் துணியாத அந்த 17 வயதுப் பெண், பிடித்த கைகளை உதறிவிட்டு பாத் நகரத்து மில்ஸம் வீதிக்கு ஓடி, வேலைக்காரன் வந்து அறிவிக்குமுன் தானே கதவைத் திறந்து டில்னிகளின் முன்னே நின்று, மூச்சிரைக்க உண்மையைச் சொல்லுகிறாள். ஹாஸ்யமும் தைரியமும் இவ்வளவு அழகாக இணைந்த கட்டம் ஆங்கில நாவல்களில் அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இவ்வாரம் என் மனத்தை ஆட்கொண்டது அந்நூலின் சொந்தச் சரித்திரமே. 'ஸூஸன்' என்ற பெயரில் இக்கதையை 1803-இல் கிராஸ்பி என்னும் லண்டன் பிரசுரகர்த்தர் 10 பவுனுக்கு வாங்கி, விளம்பரமும் செய்து, அச்சிடாமலே வைத்துக்கொண்டார். ஆறு வருஷம் பொறுத்த ஜேன் ஆஸ்டின், 1809 ஏப்ரலில் 'மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ்' என்ற புனைபெயரில் அவருக்கு எழுதினார்: பிரதி தொலைந்திருந்தால் வேறொன்று தருகிறேன், பதில் வராவிடில் வேறிடத்தில் வெளியிடுவேன் என்று. இன்ன காலத்துக்குள் பிரசுரிப்பதாக ஒப்பந்தம் இல்லை, வேறெங்கேனும் வெளியிட்டால் தடுப்போம், வேண்டுமானால் கொடுத்த விலையையே கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று மறுமொழி வந்தது. தம் நாயகிக்கு மறுக்கக் கற்பித்துப் பல வருஷங்களுக்குப் பின்னரே நாவலாசிரியை தமக்காக வாய் திறந்தார் என்பதையும், அப்போதும் சொந்தப் பெயரை மறைத்தே திறக்கவேண்டியிருந்தது என்பதையும் எண்ணுந்தோறும் காதரின் ஓடிய அந்தத் தெரு எனக்கு இன்னும் நீண்டு தெரிகிறது.

நான்கு நாவல்கள் வெளிவந்து புகழ் பரவியபின், 1816-இல், அதே 10 பவுனைக் கொடுத்து ஆஸ்டினின் சகோதரர் பிரதியை மீட்டார். பணம் கைமாறிய பிற்பாடே, இது 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆசிரியையின் நூல் என்பதைப் பிரசுரகர்த்தருக்குத் தெரிவித்ததாக, ஆஸ்டினின் மற்றொரு சகோதரரின் குமாரர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அச்சில் அந்நூலைக் காண ஆஸ்டின் இருக்கவில்லை. 1817 ஜூலையில் மறைந்தார், டிசம்பரில் நூல் வெளிவந்தது.

ஜெனரல் டில்னி காதரினை 70 மைல் தொலைவுக்குத் துணையின்றி அனுப்பிவிடும் கொடுமையையும், தந்தை சொல்லைத் தட்டி அவர் மகன் ஹென்றி அவளைத் தேடி வருவதையும் இவ்வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கடிதம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவை அடுத்த இதழில்.

(தொடரும்)