முதுகைத் திறந்தால் குரல் தெளியும்!

பாட்டுக் கேட்கும் பெட்டிக்கு முதுகு வேண்டுமா, வேண்டாமா?

இது வேடிக்கையான கேள்வி அல்ல. வீட்டில் கேட்கும் குரல் தெளிவாக இருப்பதும், குடத்துக்குள் பேசுவது போல இருப்பதும் இதைப் பொறுத்ததே.

1950, 1960-களில் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் பளபளக்கும் மரம். பின்பக்கம்? ஓட்டை போட்ட மெல்லிய அட்டைதான்! வால்வுகளின் சூடு வெளியேற அந்த ஓட்டைகள் உதவின. கூடவே, ஸ்பீக்கரின் பின்பக்க ஒலியும் அந்த வழியாக வெளியேறியது.

இரண்டு பக்கமும் ஒலி

ஸ்பீக்கரில் இருக்கும் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. அதனால் ஒலி முன்னால் மட்டும் அல்ல, பின்னாலும் பிறக்கிறது.

சிறிய பெட்டியில் அதை அடைத்தால் என்ன ஆகும்? பின்பக்க ஒலி பலகையில் மோதித் திரும்புகிறது. மெல்லிய கூம்பைத் துளைத்துக்கொண்டு, சற்றுத் தாமதமாக வெளியே வருகிறது. குரல் கலங்கிப் போகிறது.

இதனால்தான் பெரிய ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களில் சிலர், நடு ஒலிக்கான ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மட்டும் திறந்து விடுகிறார்கள். பேச்சு, பாட்டு, வீணை எல்லாம் பெரும்பாலும் அந்த நடு ஒலியில்தான் இருக்கின்றன.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'குவாட்' ஸ்பீக்கருக்குப் பெட்டியே கிடையாது. முன்னும் பின்னும் ஒலி விடும் தட்டையான பலகை போன்றது அது. குரலின் தெளிவுக்கு உலகப் புகழ் பெற்றது.

தவில் என்ன ஆகும்?

மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தை அடுத்தது திருவாவடுதுறை. நாதசுரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையால் (1898–1956) புகழ் பெற்ற ஊர். பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாதசுரம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது.

இந்தப் பகுதி மக்களுக்கு நாதசுரம் மட்டும் போதுமா? தவிலும் கேட்க வேண்டுமே!

அங்கேதான் சிக்கல். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலை நீளம் சுமார் 11 அடி. அது பெட்டியின் ஓரத்தைச் சுற்றி வந்து அழிந்து போகும். 1,000 முறை அதிரும் ஒலிக்கு அலை நீளம் ஓர் அடிக்குச் சற்று அதிகம்தான். அதற்கு அகலமான முன்பலகையே போதும்.

ஆகவே, தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலிக்கு அடைத்த பெட்டி வேண்டும். நடு ஒலிக்குத் தனி அறை தடுத்து, அதன் முதுகை மட்டும் திறக்க வேண்டும். தனி அறை இல்லாத பெட்டியில் பின்பலகையைக் கழற்றினால், இருக்கும் கனமும் போய்விடும்!

சுவர் ஓரமாக வைக்கலாமா?

கூடாது. பின்னால் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். குறைந்தது 3 அடி இடைவெளி விடுவது நல்லது. அப்போது அந்த எதிரொலி விநாடியில் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு நேரம் தாமதித்து வரும். குரலோடு ஒட்டிக் குழப்பாது.

சின்னக் கூடத்தில் 3 அடிக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட வீட்டில் திறந்த முதுகு வீண் செலவு. நடு ஒலி அறையைச் சற்று ஆழமாக்கி, உள்ளே கம்பளியோ பஞ்சோ திணித்து, மூடிவிடுவதே மேல். பின்பக்க ஒலியில் பெரும்பகுதியைப் பஞ்சு விழுங்கிவிடும்.

வீட்டில் பழைய வால்வு ரேடியோ இருக்கிறதா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். ஆனால் பின் அட்டையைக் கழற்றாதீர்கள். உள்ளே உயிரைப் பறிக்கும் மின் அழுத்தம் உண்டு.

தச்சரை அழைப்பதற்கு முன் கூடத்தை அளந்து பாருங்கள். இடம் இருந்தால் முதுகைத் திறக்கலாம். இல்லையென்றால் பணமாவது மிஞ்சும்!