மோனேயின் சூரியகாந்திகள்

பிரெஞ்சு ஓவியர் கிளோத் மோனே 1881இல் தீட்டிய ‘சூரியகாந்திக் கொத்து’ ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள எண்ணெய்வண்ண ஓவியம். சேன் நதிக்கரையில் உள்ள வெத்தெய் என்ற சிற்றூரில் அப்போது அவர் குடியிருந்தார். அதே ஆண்டில் தம் வீட்டுத் தோட்டத்தை அவர் வரைந்த படத்தில், படிக்கட்டின் இருமருங்கிலும் சூரியகாந்திகள் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி நிற்கின்றன. இங்கோ அதே பூ வீட்டுக்குள் வந்து, ஜப்பானியக் குடுவையில், சிவப்புத் துணி விரித்த மேசைமேல் இருக்கிறது.

ஓவியப் பொருள்களுக்குப் பிரெஞ்சுக் கலைக்கழகம் வகுத்த தரவரிசையில் வரலாறும் புராணமும் முதலிடம் பெற்றன; பூவும் பழமும் கடைசி. மதிப்பு குறைந்த வகை என்பதால் கட்டுப்பாடும் குறைவு. மோனேவுக்கு வேறொரு வசதியும் இருந்தது: நிலக்காட்சிகளைவிட மலர்ப்படங்கள் சுலபமாக விலைபோயின. வெளியே மழை கொட்டினாலும் வேலை நிற்காது.

கித்தானுக்கு அருகில் போனால் பூ மறைந்துவிடும். தெரிவதெல்லாம் தடித்த மஞ்சள் தீற்றல்கள்தாம். வளைந்து விழுந்த ஒரு தீற்றலே ஓர் இதழ். தூரிகை மயிரின் வரிகள் சாயத்தில் அப்படியே நிற்கின்றன. சில அடி பின்வாங்கினால் அவை இதழாகக் கூடிவிடும். இலைகளும் இப்படித்தான் உருவாகின்றன. எல்லைக்கோடு எங்கும் இல்லை.

வண்ணத் தேர்வு தற்செயலானது அல்ல. எதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே விளக்கியிருந்தார். மஞ்சளுக்குப் பின்னால் வெளிர் ஊதாச் சுவர், பச்சை இலைக்குக் கீழே சிவப்புத் துணி என இரண்டு எதிர் இணைகள் இந்த ஒரே படத்தில் உள்ளன. பூவைவிட அந்தச் சுவர்தான் படத்தின் சாமர்த்தியம் என்று சொல்லலாம். குரோமியம், காட்மியம் மஞ்சள்கள் 19ஆம் நூற்றாண்டு வேதியியலின் வரவு. 1841இல் அமெரிக்கர் ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற தகரக் குழாய், அரைத்த சாயத்தை உலராமல் வைத்துக்கொள்ள வழிசெய்தது. பூ வாடுவதற்குள் முடிக்க வேண்டியவருக்கு இது பெரிய உதவி.

1888இல் ஆர்ல் நகரில் ஓவியர் வான்கோ தம் சூரியகாந்திகளைத் தீட்டினார். மோனேயின் படத்தைப் பார்த்திருந்த ஓவியர் கோகன், அதைவிட வான்கோவின் படங்களே தமக்குப் பிடித்தவை என்றார். தம்பிக்கு எழுதிய கடிதத்தில் வான்கோ இதைக் குறிப்பிட்டு, தமக்கு அதில் உடன்பாடில்லை என்கிறார். மோனேயின் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.