கண்டல் கம்பு அளந்த நகரம்

தான்சானியாவின் தார்-எஸ்-சலாமிலிருந்து தெற்கே கில்வாவுக்குப் போகும் சாலையில், ரூஃபிஜி ஆற்றின் மேல் ஏறக்குறைய 1 கி.மீ. நீளப் பாலம் ஒன்று உண்டு. 2003-ல் திறந்தார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கே இறங்கி ஆற்றைப் பாருங்கள். மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் செங்காவி நிறத்தில் புரண்டு ஓடும். நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து வடியும் நீர் அது. கடற்கரைத் தீவுகளையும் பாழடைந்த கல் நகரங்களையும் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், பயணத்தை இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் பல கிளைகளாகப் பிரிகிறது. கிளைகளுக்கு இடையே படியும் சேற்றில் சுமார் 50,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இவ்வளவு பெரிய தொடர்ச்சியான கண்டல் பரப்பு வேறு இல்லை. 1914-ல் ஜெர்மானியப் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க் இந்தக் கிளையாறுகளுக்குள் புகுந்து, 1915 ஜூலை வரை பிரிட்டிஷ் கடற்படைக்குப் போக்குக் காட்டியது. காடு அவ்வளவு அடர்த்தி. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இங்கே ஒரு மரம் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: கூடாரக் கால்கள் போல வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னை. இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளிலும் அதே இனம் வளர்கிறது.

இந்த மரத்தின் நேரான கம்பை சுவாஹிலி மொழியில் போரிதி என்பார்கள். துவர்ப்புச் சத்து மிகுந்தது, கடினமானது; கறையான் எளிதில் அரிக்காது. நூற்றாண்டுக் கணக்கில் பாய்மரக் கப்பல்களில் ஏற்றி, கட்டட மரம் அரிதான பாரசீக வளைகுடா நாடுகள் வரை கொண்டுபோனார்கள். கூரைக்கு அங்கேயும் அதுதான் உத்தரம்.

இப்போது பாழடைந்த கல் நகரம் ஒன்று இருக்கும் கில்வா கிசிவானி தீவுக்குப் போவோம். கில்வா மசோகோ ஊரிலிருந்து சிறு படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கரை சேர்ந்துவிடலாம். இடிந்து கிடக்கும் வீடுகளில் ஏதாவது ஓர் அறைக்குள் நின்று இரு கைகளையும் விரித்துப் பாருங்கள். நீளம் எவ்வளவு இருந்தாலும், அகலம் மட்டும் பெரும்பாலும் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள்தான் இருக்கும். பக்கத்துத் தீவான சோங்கோ ம்னாராவிலும் இப்படித்தான். காரணம் கட்டடக்காரரின் ரசனை அல்ல. சுவருக்குச் சுவர் வைக்கும் போரிதிக் கம்பு வளையாமல் தாங்கும் நீளம் அவ்வளவுதான். சேற்றில் வளர்ந்த மரம் ஒன்று சுல்தானின் வீட்டுக்கே அகலத்தை நிர்ணயித்திருக்கிறது.

சுவர்களோ கடல் தந்தவை. பழைய கடலடி மேலெழுந்து இறுகிய முருகைக்கல்லை உடைத்து முரட்டுச் சுவர் எழுப்பினார்கள். கதவு நிலை, தொழுகை மாடம் போன்ற நுண்வேலைகளுக்கு மட்டும் உயிருள்ள போரைட்டஸ் பவளத்தைக் கடலிலிருந்து வெட்டி எடுத்தார்கள். ஈரமாக இருக்கும்போது அது மெத்தென்றிருக்கும், உளி எளிதாக இறங்கும். காற்றுப் பட்டுக் காய்ந்ததும் கல்லாகிவிடும். சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததே.

சரி, இந்தச் சிறு தீவில் ஏன் இவ்வளவு பெரிய நகரம்? விடை காற்றில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் காஸ்காசி, அரபுக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பல்களைத் தெற்கே தள்ளிவரும். ஏப்ரலுக்குப் பிறகு கூசி காற்று திரும்பி அடித்து அவற்றை வீடு சேர்க்கும். ஒரே பருவத்தில் வந்து திரும்பக்கூடிய தெற்கு எல்லை ஏறக்குறைய கில்வாதான். அதற்கும் தெற்கே சோபாலா துறைமுகத்தில் இறங்கிய ஜிம்பாப்வே மேட்டுநிலத் தங்கம் இங்கே வந்து கைமாறியது. 1331-ல் பயணி இப்னு பதூதா வந்தபோது நகரம் செழிப்பின் உச்சியில் இருந்தது. சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான், செங்குத்துக் கரையின் மேல் நூறு அறைகளுக்கு மேல் கொண்ட ஹுசுனி குப்வா அரண்மனையையும், அதில் எட்டுப்பட்டைக் குளம் ஒன்றையும் கட்டினார். அவர் பெயர் பொறித்த செப்புக்காசு ஒன்று கண்டத்தின் உட்பகுதியில், மகா ஜிம்பாப்வேயின் இடிபாடுகளில் கிடைத்திருக்கிறது. 1505-ல் போர்ச்சுக்கீசியர் நகரைச் சூறையாடினார்கள்.

நகரைக் கட்டியவர்கள் யார் என்பதில் நீண்ட காலம் சச்சரவு. ஷிராஸிலிருந்து வந்த பாரசீக இளவரசர்கள் என்கிறது கில்வாவின் பழைய வரலாற்றேடு. அதைக் காட்டி, ஆப்பிரிக்கர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று காலனியகால அறிஞர்கள் எழுதினார்கள். 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, கில்வா உள்ளிட்ட இடங்களில் புதைக்கப்பட்ட 80 பேரின் மரபணுவைப் படித்தது. தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா. தந்தைவழியில் பாரசீகம் பலமாக இருக்கிறது, கூடவே கொஞ்சம் இந்தியக் கலப்பும் உண்டு. கலப்பு தொடங்கியது ஏறக்குறைய கி.பி. 1000-ல். ஏடு சொன்ன பாரசீகத் தொடர்பு பொய்யல்ல. ஆனால் ஆப்பிரிக்கத் தாய்மாரை விட்டுவிட்டுச் சொல்லும் எந்த வரலாறும் பாதி வரலாறுதான்.

மீண்டும் ஆற்றுக்கு வருவோம். ரூஃபிஜியின் முகத்துவாரத்துக்கு எதிரே இருப்பது மாஃபியா தீவு. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அதன் கிலிண்டோனி விரிகுடாவில் திமிங்கலச் சுறாக்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்தபடி மேயும். உலகின் மிகப் பெரிய மீன் இங்கே தேடி வருவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? நம் கூனி இறாலைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற ஓர் இறாலுக்காக! முதுகிலுள்ள வெள்ளைப் புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் வேறுபடும். வானியலாளர்கள் விண்மீன் படங்களைப் பொருத்திப் பார்க்க வைத்திருந்த கணக்கு முறையை மாற்றியமைத்து, ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். ஒலிக்கருவி பொருத்திப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: பருவம் முடிந்ததும் அவை தொலைதூரம் போய்விடுவதில்லை. பல சுறாக்கள் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் ஆழத்தில் ஆண்டு முழுதும் இருக்கின்றன. நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ரூஃபிஜி ஆற்றின் குறுக்கேதான் இப்போது 2,115 மெகாவாட் ஜூலியஸ் நைரேரே நீர்மின் அணை எழுந்திருக்கிறது. 2022 டிசம்பரில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். மின்சாரம் அந்த மக்களுக்குத் தேவை. அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அணை தண்ணீரோடு வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டல் குறைந்தால் கழிமுகச் சேறு கரையும், கண்டல் வேர் பிடிப்பிழக்கும், அந்த வேரடியில் வளரும் இறால் குஞ்சுகளும் குறையும். ஆற்று வெள்ளத்துக்குப் போலவே வண்டலுக்கும் கணக்கு வைத்து நீரைத் திறந்துவிட வேண்டும். பாலத்தில் நின்று செங்காவித் தண்ணீரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

கில்வா, சோங்கோ ம்னாரா இடிபாடுகள் 1981-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. கடலரிப்பும் பராமரிப்பின்மையும் சேர்ந்து 2004-ல் அவற்றை அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் தள்ளின. 2014-ல் அந்தப் பட்டியலிலிருந்து அவை மீண்டன. கரையைக் காக்கத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். கூடவே கண்டல் நாற்றும் நட்டார்கள்.