படம் பளிச்… சத்தம் இரைச்சல்! டி.எஸ்.எல்.ஆர் வீடியோவில் குரலைத் தெளிவாகப் பதிவது எப்படி?

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது.

அந்தப் பந்தயங்களை நேரில் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவரை, ஏரிக்கரையில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். படம் செமயாக வந்திருக்கும். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், காற்றின் 'படபட', லாரி ஹாரன், நடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல பெரியவரின் குரல். மறுபடி போய்க் கேட்டாலும், அவர் அதே கதையை அதே ஆர்வத்தோடு சொல்வாரா?

கேமராவில் என்ன பிரச்னை?

டி.எஸ்.எல்.ஆர் அடிப்படையில் போட்டோ எடுக்க உருவானது. வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆரான நிக்கான் டி90 வந்ததே 2008-ல்தான். அதில் வெளி மைக் செருக இடமே கிடையாது. அதே ஆண்டு அறிமுகமான கேனான் 5டி மார்க் 2-ல் மைக் ஜாக் இருந்தது. ஆனால், ஒலி அளவை நாமே மாற்றும் வசதி 2010-ல் வந்த ஃபர்ம்வேர் அப்டேட்டில்தான் கிடைத்தது.

அதுவரை எல்லாம் 'ஆட்டோ'தான். பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தினால், 'சத்தம் குறைந்துவிட்டது' என்று கேமரா தானாகவே ஒலியை ஏற்றும். அந்த இடைவெளியில் லாரி இரைச்சல் மேலே வந்துவிடும். இன்றும் பலர் இந்த ஆட்டோ செட்டிங்கை மாற்றுவதே இல்லை.

தூரம்தான் வில்லன்

திறந்தவெளியில் மைக் இருக்கும் தூரம் பாதியானால், குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 3 மீட்டர் தள்ளி இருக்கும் கேமரா மைக்குக்குப் பதிலாக, வாயிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் ஒரு மைக் இருந்தால், குரல் 20 டெசிபலுக்கும் மேல் கூடுதலாகக் கிடைக்கும். நெடுஞ்சாலை இரைச்சலோ இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். விஷயம் இவ்வளவுதான்: விலை உயர்ந்த மைக்கைவிட, பக்கத்தில் இருக்கும் மைக் முக்கியம்.

என்ன செய்யலாம்?

* காலர் மைக்: வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் மாட்டுங்கள். போனுக்கான மைக்கின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கேமராவுக்கு இரண்டு வளையங்கள் உள்ள பின் வேண்டும். இல்லையென்றால் அடாப்டர் வாங்குங்கள்.

* ஜாக் இல்லையா? கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்றவற்றில் மைக் ஜாக் கிடையாது. காலர் மைக்கைப் போனில் செருகி, ரெக்கார்டிங்கை ஆன் செய்து, பேசுபவரின் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் சேர்த்துவிடலாம்.

* மேனுவல் லெவல்: சத்தமாகப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும். அதைப் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

* காற்று: மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். ஏரிக்கரை போன்ற இடங்களில் முடி வைத்த உறை இன்னும் நல்லது. சாலைக்கும் உங்களுக்கும் நடுவே மண்கரையோ கட்டடமோ மறைவாக இருக்கும்படி உட்காருங்கள்.

* டெஸ்ட்: 30 விநாடி பதிவு செய்து, ஹெட்போனில் கேட்ட பிறகே பேட்டியைத் தொடங்குங்கள்.

எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாதா?

ஓரளவுக்கு முடியும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டினால், லாரியின் 'உம்ம்' சத்தம் குறையும். பேச்சு பெரும்பாலும் பாதிக்காது. ஆனால், ஹாரன் சத்தம் குரல் இருக்கும் அதே அலைவரிசையில் வருவதால், அதைத் தனியாகப் பிரிப்பது கடினம். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அதிகமானால் பெரியவரின் குரல் ரோபோ குரலாகிவிடும்.

அதனால், ஹாரன் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "லாரி போகட்டும் ஐயா, அந்த இடத்துலேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.