வீட்டிலேயே செய்யக்கூடிய மரக்கோல்: தோளுக்கும் கைக்கும் ஒரு துணை

சென்ற ஆண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். வலத் தோள் ஏறத்தாழ அசைவற்றுப் போயிருந்தது. தலை வார இயலவில்லை. இரவிக்கை அணிய மகளின் உதவி தேவைப்பட்டது. பரண்மேல் உள்ள பாத்திரத்தை எட்ட முடியவில்லை. நாங்கள் பரிசோதித்து, ‘உறைந்த தோள்’ என்று கண்டறிந்து, மருந்தும் எழுதி, பயிற்சிகள் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தனுப்பினோம். அத்தாளில் முதலாவதாக இருந்தது கப்பியில் கயிறு மாட்டி இழுக்கும் பயிற்சி. ஆறு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது தோள் முன்னிலும் இறுகியிருந்தது. பயிற்சி செய்தீர்களா என்று கேட்டோம்.

“கப்பி மாட்ட எங்க வீட்டுல உத்தரம் ஏதுங்க ஐயா? மேல ஷீட்டு, அதுக்குக் கீழ சவுக்குக் கம்பு. கயிறு கட்டி இழுத்தா கம்பே கையோட வந்துரும்” என்றார்.

தவறு அவருடையதன்று. அவர் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. வாரம் மும்முறை இயன்முறைப் பயிற்சிக்கு வரச் சொல்லலாம். ஆனால் ஏரியூரிலிருந்தோ கோட்டப்பட்டியிலிருந்தோ ஒரு முறை வந்து திரும்புவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அன்று பிரிவில் தரை துடைக்க வைத்திருந்த துடைப்பானின் கம்பைக் கழற்றி, கழுவி, மூன்றடி நீளத்துக்கு அறுத்து, அதைக் கொண்டே அவருக்கும் அவர் கணவருக்கும் பயிற்சி கற்றுத் தந்தோம். கணவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல கம்பு வீட்டிலேயே இருக்கிறது என்றார். அடுத்த முறை வந்தபோது அவரே சீவி இழைத்த வேப்பங்கோல் ஒன்று அம்மையாரின் கையில் இருந்தது. அந்தக் கோல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கோல் என்று நாம் சொல்வது வேறொன்றுமில்லை. ஒரே பருமனில் நேராக, உருண்டையாக இழைத்த மரக்கம்பு. கடைசல் பட்டறையில் கேட்டால் கடைந்து தருவார்கள். நம் மாவட்டத்துச் சமையலறைகளில் இது புதிதன்று. கேழ்வரகுக் களி கிளறும் துடுப்பும் மோர் கடையும் மத்தும் இதே இனத்தவை.

வேலூரில் நடந்தது

மரவேலைக்கும் கை மருத்துவத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டிலேயே மிக நன்றாக உணர்ந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். டாக்டர் பால் பிராண்ட், 1914 இல் அன்றைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். (நம் தருமபுரியும் 1965 வரை அதே சேலம் மாவட்டத்தின் பகுதிதான்.) மருத்துவம் பயில்வதற்கு முன்னர் தச்சு, கொத்து முதலிய கட்டட வேலைகளைக் கற்றவர். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தில் ஈடுபட்டார்.

அறுவை முடிந்து விரல்கள் நிமிர்ந்த பிறகும் நோயாளிகளுக்குப் பிழைக்க வழியில்லை என்பதை அவர் கண்டார். 1951 இல் கல்லூரி வளாகத்தில் அவர்களுக்கெனப் புதுவாழ்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் தச்சுவேலை கற்று, மரப் பொம்மைகள் செய்தார்கள். கைக்கு அது பயிற்சியாகவும் இருந்தது, வருவாயாகவும் இருந்தது. அப்பணியினூடே பிராண்டும் அவருடன் பணிபுரிந்தோரும் வலியுறுத்திய உண்மை மருத்துவ உலகின் எண்ணத்தையே மாற்றியது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி இழந்த கையில் சூடும் சிராயும் கருவியின் கூர்விளிம்பும் ஏற்படுத்தும் காயங்களே, வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் போய், விரலைத் தின்கின்றன. ஆகவே கருவியின் கைப்பிடி எப்படி இருக்கிறது என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியாயிற்று.

இன்று எங்களிடம் வருவோரில் பெரும்பாலோருக்குத் தொழுநோய் இல்லை. ஆனால் நீண்டகாலச் சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்கள் பலர். கோலை வழவழப்பாக்குவது அழகுக்காக என்று எண்ண வேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும், ஒரு சிறு சிராய் ஒரு மாதப் புண்ணாகலாம்.

செய்யும் முறை

தோள் பயிற்சிக்கான கோல் ஓர் அங்குலப் பருமனும், ஏறத்தாழ 90 செ.மீ. நீளமும் இருத்தல் நன்று. நெஞ்சுக்கு முன்னே இரு கைகளையும் தோளகலத்துக்குச் சற்றே கூடுதலாக விரித்துப் பிடித்து அளந்துகொண்டால் அவரவர்க்கு ஏற்ற நீளம் கிடைக்கும். உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரம் காய்ந்தால் வளையும், வெடிக்கும். வேம்பு, பூவரசு, தேக்கு எதுவாயினும் சரி. தோள் மிகவும் வலிப்பவர்களுக்கு எடை குறைந்த மரமே ஏற்றது. வேம்பு சற்றுக் கனமானது என்பதை அந்தக் கணவரிடமும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழைத்துக் கொண்டுவந்தார்.

ஒகேனக்கல் பக்கத்து அன்பர்கள் மூங்கிலைப் பயன்படுத்தலாமா என்று கேட்பதுண்டு. பரிசல் பின்ன மூங்கில் நல்லது; பயிற்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது நீளவாக்கில் பிளக்கும். பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்திக்குச் சமம்.

உப்புத்தாள் தேய்ப்பதுதான் முதன்மையான வேலை, அவசரப்படக் கூடாது. முதலில் 80 எண் தாள், பிறகு 120, இறுதியில் 220. மரத்தின் நாரோட்டத்தின் திசையிலேயே தேய்க்க வேண்டும். இரு முனைகளையும் உருட்டிவிட வேண்டும். தேய்த்தபின் பழைய பருத்தித் துணியால் கோல் முழுவதும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் சிராய் இருக்கிறது. உணர்ச்சி மங்கிய கையால் தடவிச் சோதிக்கக் கூடாது. வார்னிஷ் தேவையில்லை; வியர்த்த கையில் அது வழுக்கும். மரத்தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்கள் இருக்கும் வீடாயின் வெளியே வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தேய்க்கவும்.

பயன்படுத்தும் முறை

பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிக்கொள்ளவும். இரு கைகளாலும் கோலைப் பிடித்து, நல்ல கையின் பலத்தால் நோயுற்ற கையை மெல்லத் தலைக்கு மேலாகக் கொண்டு செல்லவும். இறுக்கம் தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஐந்து எண்ணி, திரும்பவும். பத்து முறை செய்யலாம். அடுத்து, முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்து, முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கிக்கொண்டு, நல்ல கையால் கோலைத் தள்ளி, மறு கையை வெளிப்புறமாகத் திருப்பவும். உறைந்த தோளில் முதலில் இழக்கப்படுவது இந்த வெளித்திருப்பமே. பலரும் சலிப்பால் விட்டுவிடுவதும் இதையே. காலை, மாலை இரு வேளையும் செய்ய வேண்டும். வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு செய்தால் எளிதாக இருக்கும். ஆனால் உணர்ச்சி மங்கியவர்கள் ஒத்தடச் சூட்டை வேறொருவர் கையால் சோதித்த பின்னரே வைக்க வேண்டும்.

இழுப்பதுபோன்ற வலி இயல்பு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி தங்கினாலோ, இரவில் உறக்கம் கெட்டாலோ, அளவு மிகுந்துவிட்டது என்று பொருள், குறைத்துக்கொள்ளவும். உறைந்த தோள் விரைவில் தீரும் நோயன்று. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையும் நீடிக்கலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். பத்து நாளில் பலனில்லை என்று கோலை மூலையில் சாய்ப்பவர்களே மிகுதி. கதவு நிலையில் கை எட்டும் உயரத்தை வாரம் ஒருமுறை பென்சிலால் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் தெரியவரும்.

சிலர் கோலைத் தொடவே கூடாது. தோளில் எலும்பு முறிவோ, மூட்டு நழுவலோ, அறுவையோ நேர்ந்தவர்கள் அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பக்கவாதத்தால் கை துவண்டு கிடப்பவரின் தோளைக் குடும்பத்தினர் கோலால் இழுப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் தளர்ந்த மூட்டு அதனால் மேலும் நழுவும். மற்றொன்று: தோள்வலியுடன் நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அது பயிற்சிக்குரிய வலியன்று. உடனே 108 ஐ அழைக்கவும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. தருமபுரியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. நீண்டகாலம் அந்நீரை அருந்தியவர்களுக்குப் பல்லில் கறை மட்டுமன்றி, முதுகும் மூட்டுகளும் இறுகுவதுண்டு. 2013 இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்த காரணங்களுள் இதுவும் ஒன்று. இவ்வகை இறுக்கத்தைக் கோலால் வலிந்து விரிக்க முயலக் கூடாது. தோளோடு கழுத்தும் முதுகும் சேர்ந்து இறுகியிருப்பவர்கள் முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை விடுத்துக் காவிரி நீரைப் பயன்படுத்துவது அவர்களுக்கு எந்தப் பயிற்சியிலும் முந்தியது.

விரல்களுக்குக் குச்சிப் பலகை

பக்கவாதத்திலிருந்து மீண்டு, விரல்கள் ஓரளவு அசையத் தொடங்கியவர்களுக்கு ஒரு சிறு பலகை உதவும். ஓர் அடி நீளப் பலகையில் மும்மூன்றாக ஒன்பது துளைகள். சிறுவிரல் பருமனுள்ள, அதாவது 10 மி.மீ. கோலை ஐந்து செ.மீ. துண்டுகளாக அறுத்து ஒன்பது குச்சிகள். துளை 11 மி.மீ. அகலமும் ஒன்றரை செ.மீ. ஆழமும் இருந்தால் குச்சி தடையின்றி நுழையும். ஒவ்வொன்றாக எடுத்து நட்டு, பின் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். மருத்துவமனையிலும் ஒன்பது துளைப் பலகையில் நேரம் கணக்கிட்டே கையின் தேர்ச்சியை அளவிடுகிறோம். வீட்டில் பேரப்பிள்ளை கைபேசியில் நேரம் பார்த்து நோட்டில் எழுதி வரட்டும். தாத்தாவுக்குப் போட்டி மனப்பான்மை வந்துவிடுவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். குச்சிகளை இதைவிடச் சிறியதாக அறுக்க வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் எண்ணி எடுத்து வைக்கவும்.

முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியவர்களுக்கு மெல்லிய கைப்பிடிகளே பகை. மெலிந்த பிடியை இறுக்கிப் பிடிக்க மூட்டு மிகுதியாக உழைக்கிறது. ஒன்றேகால் அங்குலப் பருமனுள்ள கோல்துண்டில் தச்சரிடம் காடி எடுக்கச் சொல்லி, கரண்டியின் காம்பையோ பல்துலக்கியின் காம்பையோ அதில் பொருத்தலாம். களிக்கு இங்கே கரண்டி தேவையில்லை, கைதான். ஆயினும் களி கிளறும் துடுப்பின் பிடி மெலிந்திருந்தால் அதற்குத் துணி சுற்றித் தடிப்பாக்குவதே மணிக்கட்டுக்குப் பெரிய நிம்மதி. அதிலும், மணிக்கட்டு வலிப்பவர் நாலுபேர்க் களியைத் தனியாகக் கிளறாதிருப்பது இன்னும் நல்லது. வீட்டிலுள்ள ஆண்களின் கவனத்துக்கு.

இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் குனியக் கூடாதவர்கள், இரண்டடிக் கோலின் முனையில் சிறு கொக்கியைத் திருகி, அதன் கூர்முனையில் ரப்பர்க் குழாய் செருகி, உள்ளாடையையும் கால்சட்டையையும் மேலே இழுக்கப் பயன்படுத்தலாம்.

ஆனால் குளியலறைப் பிடிமானமாக மரக்கோலைச் சுவரில் பொருத்த வேண்டாம். ஈரத்தில் மரம் உளுக்கும். விழப்போகும் மனிதரின் முழு எடையையும் அது தாங்காது. ஊன்றுகோலும் இவ்வாறே. பயிற்சிக்கோலை ஊன்றி நடந்து, வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து வந்தவரைக் கண்டிருக்கிறோம். ஊன்றுகோலுக்கு அடியில் ரப்பர்ப் பூண் வேண்டும். நிமிர்ந்து நிற்கையில் அதன் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் அமைய வேண்டும். வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். அதை நாங்களே அளந்து தருகிறோம்.

நேரில் வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரிடம் தங்கள் கோலைக் காட்டிப் பயிற்சியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கு மறுபரிசோதனைக்கு வருவோர், மருந்துச் சீட்டுடன் வீட்டில் செய்த கோலையும் மறவாமல் எடுத்து வரவும். பேருந்தில் நடத்துநர் கேட்டால் மருத்துவர் கொண்டுவரச் சொன்னார் என்று சொல்லலாம். ஏரியூர் அம்மையார் அப்படித்தான் சொல்லி வந்தார். கடைசியாக அவரைப் பார்த்தபோது, வலக் கையாலேயே கூந்தலை முடிந்திருந்தார்; வெளித்திருப்பம் மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது.