ஆறேகால் அடி அரசர்

1848 டிசம்பர். ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்து ஹங்கேரி போரில் இறங்கியிருந்த நேரம். செகெஷ்ஃபெஹேர்வார் நகரில் மண்ணைத் தோண்டியவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லறைகளைக் கண்டார்கள். ஒன்றில் ஓர் ஆண். கிரீடம், செங்கோல், வாள் எல்லாம் உடன் இருந்தன. மற்றொன்றில் ஒரு பெண், அவருக்கும் கிரீடம். இரண்டு கிரீடங்களும் வெறும் வெள்ளி, புதைப்பதற்கென்றே செய்தவை. தங்கக் கிரீடம் அடுத்து வருகிறவருக்கு வேண்டுமே!

அந்த நகரத்துப் பேராலயத்தில் சுமார் 15 ஹங்கேரிய மன்னர்கள் அடக்கமானார்கள். 1543-ல் துருக்கியர் நகரைப் பிடித்தபின் கல்லறைகள் சூறையாடப்பட்டன, எலும்புகள் கலந்துபோயின. இந்த ஜோடி மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பியது. ஆணின் எலும்புக்கூட்டை அளந்தால் ஏறக்குறைய 190 சென்டிமீட்டர். ஆறேகால் அடி! நெட்டையானவர் என்று சிலுவைப் போர்க்காலக் குறிப்பு ஒன்று வர்ணிக்கும் மூன்றாம் பேலாதான் இவர் என்று முடிவானது. கூட இருந்தவர் அவருடைய முதல் மனைவி ஆக்னஸ்.

பேலாவுக்கு வாய்க்க இருந்தது ஹங்கேரி அல்ல, கான்ஸ்டான்டினோபிள். 1163-ல், பதினைந்து வயதுவாக்கில், பைசாந்தியப் பேரரசர் மேனுவலிடம் அனுப்பப்பட்டார். ஆண் வாரிசு இல்லாத மேனுவல் பையனுக்கு அலெக்ஸியோஸ் என்று புதுப்பெயர் வைத்து, மகளை நிச்சயம் செய்து, பட்டத்துக்கும் உரியவராக்கினார். 1169-ல் மேனுவலுக்கே மகன் பிறந்தான். நிச்சயதார்த்தம் முறிந்தது. மகளுக்குப் பதிலாகத் தன் கொழுந்தியாளைக் கட்டிவைத்தார் மேனுவல். அந்தியோக்கியாவிலிருந்து வந்த அவர்தான் ஆக்னஸ். 1172-ல் அண்ணன் இறக்க, பேலா ஊர் திரும்பி அரசரானார். கைநழுவிய அந்த அரண்மனைக்குப் பின்னாளில் அவருடைய மகள் மார்கரெட் பேரரசியாகப் போனார்.

பேலாவின் எலும்புகளில் இன்னொரு கதையும் இருந்தது. ஒய் குரோமோசோம் ஆணிடம் மட்டுமே உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்கும். பல தலைமுறைகளுக்கு ஒருமுறை அதில் சிறு எழுத்துப்பிழை விழும். பிழைகளை எண்ணினால் இரண்டு வம்சங்கள் எப்போது பிரிந்தன என்று கணக்கிடலாம். பேலாவின் எலும்பிலிருந்து எடுத்த ஒய் குரோமோசோமை 2018-லும் 2020-லும் வெளியான ஆய்வுகள் படித்தன. ஒன்பதாம் நூற்றாண்டு இறுதியில் ஹங்கேரியர்களின் முன்னோரான மகியார்களை இந்த மண்ணுக்கு நடத்திவந்த ஆர்பாட்டின் ஆண்வழி இது. இதற்கு நெருங்கிய பங்காளிகள் கிடைத்த இடம் வோல்கா–உரால் பகுதியில் வாழும் பாஷ்கிர் மக்களிடம். பிரிந்து சுமார் 2,000 ஆண்டுகள். இன்னும் பின்னோக்கிப் போனால், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், வேர் இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம் போகிறது.

இதை வைத்து 'அரச ரத்தம்' என்று மார்தட்ட முடியாது. ஒய் என்பது ஒரே ஒரு நூல். பேலாவின் அம்மா கீவ் அரச குடும்பம். அந்த வழியில் மேலே ஏறினால் 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் மாண்ட இங்கிலாந்து மன்னர் ஹெரால்டு நிற்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி செர்பியர். இவர்களில் யாரும் அந்த நூலில் தெரியமாட்டார்கள்.

பாஷ்கிர் தகவல் அறிவியலுக்குப் புதிது, ஹங்கேரியர்களுக்கு அவ்வளவு புதிதல்ல. பேலாவின் பேரன் நான்காம் பேலாவின் காலத்தில் யூலியான் என்ற துறவி, கிழக்கே தங்கிவிட்ட சொந்தக்காரர்களைத் தேடிப் போனார். வோல்கா அருகே ஹங்கேரிய மொழி பேசும் மக்களைக் கண்டார். அவர்கள் பேசியது இவருக்குப் புரிந்தது, இவர் பேசியது அவர்களுக்கும். 1237-ல் மறுபடி கிளம்பினார். அதற்குள் மங்கோலியர்கள் அந்த ஊர்களை அழித்துவிட்டிருந்தார்கள்.